சாமி கண்ணைக் குத்துமா?

என்னிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்த ஒருத்தி போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது அவள் ஆறு வயது மகனுக்குத் தாய். மகன் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் அழிறப்பரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டானாம். பழ வாசம் வீசுகிற அழிறப்பர், அதனால் ஒரு ஓரத்தைக் கடித்தும் பார்த்திருக்கிறான். அப்பம்மா கண்டுபிடித்து, "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லியிருக்கிறார். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாமி பாக்காட்டி எடுக்கலாமோ?" என்று கேட்டிருக்கிறான்.

"ரீச்சர், நீங்கள்தானே எங்களுக்குக் கூர்ப்புப் படிப்பிச்சீங்கள். நல்லது கெட்டது எண்டு நாங்கள் சொல்லுறது கடவுள் தந்ததோ, கூர்ப்பில வந்ததோ? அவனுக்கு நான் என்ன சொல்ல?" என்று கேட்டாள். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒழுக்கத்தின் வேர் சமயத்தை விடப் பழையது. பிறர் வலி கண்டு பதறுவது, பங்கில் வஞ்சகம் நடந்தால் கொதிப்பது, செய்த தவறை நினைத்துக் கூனிப்போவது எல்லாம் கோயில் கட்டத் தெரியாத காலத்திலேயே நம் முன்னோரிடம் இருந்தன. சமயம் பிறகு வந்து அந்த வேரில் எழுந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது, வளைத்துக் கட்டியது, சில கிளைகளை வெட்டியும் விட்டது. இப்படிச் சொல்வதால் நான் சமயத்தைக் குறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மனுக்கு விளக்கேற்றுகிறவள் நான். அம்மன் முன்னால் நிற்கும்போது எனக்குக் கிடைப்பது எனக்குத் தெரியும். ஆனால் என் நேர்மை அங்கேதான் பிறந்தது என்று சொன்னால் அது நான் படிப்பித்த பாடத்துக்கும் நான் கண்ட மனிதர்களுக்கும் பொருந்தாது.

கூர்ப்பு என்றதும் (இந்தியப் புத்தகங்களில் இதைப் பரிணாமம் என்பார்கள்) பலருக்கு மனதில் வருவது பல்லும் நகமும்தான். வலியது வாழும், மெலியது சாகும். இதிலிருந்து எப்படி இரக்கம் வரும் என்று கேட்பது நியாயமே. "தக்கன பிழைக்கும்" என்ற சொற்றொடர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் எழுதியது. டார்வின் பிறகுதான் அதை எடுத்துக்கொண்டார். தக்கது எது என்பது ஒவ்வொரு உயிரும் வாழ்கிற விதத்தைப் பொறுத்தது. கூட்டமாக வாழ்கிற உயிருக்குக் கூடி வாழத் தெரிவதே பெரிய தகுதி. எங்கள் திருகோணமலைக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்களைப் பாருங்கள். ஒன்று காலை நிலத்தில் தட்டிக் குரல் கொடுத்தால் போதும், மற்றவை எல்லாம் மேய்வதை விட்டுத் தலையைத் தூக்கிவிடும். டார்வின் 1871இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் விரித்துச் சொன்னார்: பெற்றோர் பிள்ளைப் பாசமும் கூட்ட உணர்வும் உள்ள எந்த விலங்குக்கும் அறிவு மனிதனின் அளவுக்கு வளர்ந்தால் மனச்சாட்சி வந்தே தீரும்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1964இல் ஹாமில்டன் என்ற உயிரியலாளர், ஒரு உயிர் தன் நெருங்கிய உறவுக்காகத் தன்னையே இழக்கத் துணிவதை இயற்கைத் தேர்வு எப்படி வளர்க்கும் என்று காட்டினார். உடன்பிறந்தவரின் உடலில் என் பரம்பரை அலகுகளில் (மரபணுக்களில்) பாதி இருக்கிறது. நான் போனாலும் அவர் வழியாக அவை போகும். இரண்டு சகோதரருக்காக அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரருக்காக உயிரைக் கொடுப்பேன் என்று ஹோல்டேன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கடைசிக் காலத்தில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் கண்ணை மூடிய அதே ஹோல்டேன்தான். 1971இல் ட்ரிவர்ஸ் அடுத்த படிக்குப் போனார்: உறவே இல்லாத இருவர்கூட, இன்று நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு என்று உதவிக்கொண்டால் இருவருமே பிழைப்பார்கள். இரத்தம் குடிக்கும் வௌவால்களிடம் இதை வில்கின்சன் 1984இல் காட்டினார். அந்த வௌவாலுக்கு இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும். பட்டினியாகத் திரும்பி வந்ததற்குப் பக்கத்தில் தொங்குகிற வௌவால் தான் குடித்த இரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது. உறவுக்கு மட்டுமல்ல, நெடுநாள் சேர்ந்து தங்கியதற்கும் ஊட்டுகிறது.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் வரும். வாங்கிவிட்டுக் கொடுக்காதவனை என்ன செய்வது? இதை நான் வகுப்பில் கரைவலையை வைத்துத்தான் படிப்பிப்பேன், ஏனென்றால் நானே அதை அங்கேதான் படித்தேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா விடியற்காலையில் என்னை உப்புவெளிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். தோணி போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். அம்பாப் பாட்டுக்கு ஏற்றபடி குதிக்கால் மணலில் புதையும், முதுகு பின்னால் சாயும், கயிறு ஒரு முழம் வரும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி சும்மா நடந்தாலும் வலை வரத்தான் செய்யும், மற்றவர்கள் இழுத்துவிடுவார்கள். அப்படி நடந்தவன் ஒருவனை நான் பார்த்திருக்கிறேன். அவன் கையில் மட்டும் கயிறு தொய்ந்து கிடந்தது. அவனுக்கு முன்னால் நின்ற கிழவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டில் ஒரு அடியை மாற்றிப் போட்டார், சோற்றுக்கு முந்துகிறவன் கயிற்றுக்குப் பிந்துகிறான் என்கிற கருத்தில். இரண்டு கயிறும் சேர்ந்து அந்த அடியைத் திருப்பிப் பாடியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு இழுக்கத் தொடங்கினான்.

வலையின் மடி கரை சேர்ந்ததும் பங்கு பிரிப்பார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இவ்வளவு, தோணிக்கு இவ்வளவு, இழுத்த ஆட்களுக்கு இவ்வளவு என்று சத்தமாகச் சொல்லி, எல்லோர் கண்ணுக்கும் முன்னால். குறைந்தது என்று தோன்றினால் அங்கேயே சண்டை. அதெல்லாம் முடிந்த பிறகு, கயிற்றைத் தொடவே தொடாத ஒருத்திக்கும் ஒரு கை மீன் போகும். கடலில் புருசனைப் பறிகொடுத்தவள். சட்டியோடு வந்து கொஞ்சம் தள்ளி நிற்பாள், வாய் திறந்து கேட்க மாட்டாள். யாராவது ஒருவர் போகிற போக்கில் சட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார்.

ஒழுக்கம் பற்றிக் கூர்ப்பாளர்கள் எழுதியதில் பெரும்பகுதி எனக்கு அந்தக் கரையில் தெரிந்தது. சேர்ந்து இழுத்தால்தான் மீன், பங்கு நேராக இருந்தால்தான் நாளைக்கும் ஆள் வரும், ஏய்ப்பவனைக் கையால் அடிக்காமல் வெட்கத்தால் அடிக்கலாம். அந்தச் சட்டி மட்டும் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அவள் திருப்பித் தர ஒன்றும் இல்லாதவள். பிறகுதான் பிடிபட்டது: கயிற்றில் நிற்கிற ஒவ்வொருவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், நாளைக்கு அந்தச் சட்டி அவளுடையதாகவும் இருக்கலாம். ஆனால் மீனைப் போட்டவர் அந்தக் கணக்கைப் பார்த்துப் போடவில்லை. அவருக்குப் பாவமாக இருந்தது, போட்டார். அந்த இரக்க உணர்ச்சி மனிதக் கூட்டத்தில் ஏன் நிலைத்தது என்பதற்குத்தான் கூர்ப்பில் பதில் தேடுகிறோம். அவர் மனதில் அந்த நேரம் என்ன இருந்தது என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் "அப்படியென்றால் அன்பெல்லாம் சுயநலமா?" என்று பலர் உடைந்துபோகிறார்கள். தாய்ப்பால் ஏன் உண்டானது என்பதற்கு முலையூட்டிகளின் கூர்ப்பில் காரணம் இருக்கிறது. அதனால் தாயின் அன்பு பொய்யாகிவிடாது.

சரி, கண்ணுக்கு வருவோம். அப்பம்மா சொன்ன கண் இல்லை, பார்க்கிற கண். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் பவளப்பாறைகளுக்கு இடையே ஒரு மீன் உண்டு, விரல் நீளம், உடம்பில் நீலமும் கறுப்புமாகக் கோடு. மற்ற மீன்கள் அதனிடம் வந்து அசையாமல் நிற்கும். அது அவற்றின் செதிளிலும் வாய்க்குள்ளும் போய் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். ஆனால் அதற்கு உண்மையில் ருசி ஒட்டுண்ணியில் இல்லை, வந்த மீனின் உடம்பிலுள்ள வழுவழுப்பான சளியில்தான். அதைக் கடித்தால் வந்த மீன் திடுக்கிட்டு ஓடிவிடும். பிஷாரி, கிரட்டர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2006இல் ஒன்றைக் காட்டினார்கள்: வேறொரு மீன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தச் சின்ன மீன் ஏமாற்றுவது குறைகிறது. பார்க்கிற மீன் நாளைய வாடிக்கையாளர். மூளை பயற்றம் பருப்பளவுகூட இல்லாத மீனுக்குப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி ஒன்று இருக்கிறது. அதை ஒழுக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "ஆராவது பாக்கினமோ" என்ற நம்முடைய அந்தப் பழைய உறுத்தல் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள அது உதவும்.

குரங்குகள் பற்றியும் குழந்தைகள் பற்றியும் இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. அதில் கவனம் வேண்டும். 2003இல் ப்ரொஸ்னனும் டி வாலும் செய்த ஒரு சோதனையில், பக்கத்துக் குரங்குக்குத் திராட்சைப்பழமும் தனக்கு வெள்ளரித் துண்டும் கொடுத்தபோது ஒரு கபுச்சின் குரங்கு வெள்ளரியை வாங்க மறுத்தது. பிறகு வேறு ஆட்கள் செய்த சோதனைகளில் எல்லாம் அது அப்படியே வரவில்லை. 2007இல் வந்த ஓர் ஆய்வு, ஆறு மாதக் குழந்தைகூட உதவி செய்கிற பொம்மையைத்தான் விரும்பி எடுக்கிறது என்றது. நானே அதை வகுப்பில் மகிழ்ச்சியோடு சொன்னவள். 2024இல் பல நாட்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த மீள்சோதனையில் அந்த விருப்பம் தெரியவில்லை. ஆகவே அதை இப்போது நான் ஆதாரமாகச் சொல்வதில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளைகள் பற்றி 2006இல் வார்னெகனும் டொமசெல்லோவும் செய்த ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். பெரியவர் ஒருவர் கையிலிருந்ததைத் தவறவிட்டு எட்ட முடியாமல் தவிப்பதைக் கண்டதும், யாரும் சொல்லாமல், பரிசு ஒன்றும் இல்லாமல், தள்ளாடி நடந்து போய் எடுத்துக் கொடுத்தார்கள். பேரப்பிள்ளை வைத்திருக்கிற யாரும் இதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். தேவாரம் ஒரு வரி தெரியாத வயது அது.

எலும்புகளும் பேசுகின்றன. ஈராக்கில் ஷானிதார் குகையில் 1957இல் எடுத்த நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்து ஆண் ஒருவரின் எலும்புக்கூட்டில் ஒரு கை சூம்பிப் போயிருந்தது, காலில் ஊனம், ஒரு கண்ணுக்கு மேல் பழைய அடி. ஆனாலும் அந்தக் காயங்களுக்குப் பிறகு அவர் பல வருடம் வாழ்ந்திருக்கிறார். ஜோர்ஜியாவில் திமானிசி என்ற இடத்தில் கிடைத்த மண்டையோடு இன்னும் பழையது, சுமார் 17 லட்சம் ஆண்டு. அவருக்கு ஒரு பல்லைத் தவிர எல்லாம் சாவதற்குப் பல வருடம் முன்னரே விழுந்து, முரசு (ஈறு) மூடிவிட்டிருந்தது. வேறு யாருடைய உதவியும் இல்லாமல் அத்தனை வருடம் அவர் பிழைத்தது கடினம். மனிதன் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. எந்த வேத நூலும் அந்தக் காலத்துக்குள்ளேதான் வரும்.

இவ்வளவையும் சொல்லி இயற்கை நம்மை நல்லவர்களாகப் படைத்துவிட்டது என்று நிறுத்தினால் அது பொய். கூர்ப்பு தந்த ஒழுக்கத்துக்கு ஒரு வேலி உண்டு. கரைவலைக் கயிற்றில் நிற்கிறவன் நம்மவன். அடுத்த கரைக்காரன் நம் கடலில் வலை வைத்தால் அதே கைகள் கத்தியைத் தேடும். தன்சானியாவில் கொம்பே காட்டில் 1974 தொடக்கம் 1978 வரை, ஒரு சிம்பன்சிக் கூட்டம் தன்னிடமிருந்து பிரிந்துபோன கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கொன்றதை ஜேன் குடோலின் ஆட்கள் பதிவு செய்தார்கள். முன்பு ஒன்றுக்கொன்று பேன் பார்த்த குரங்குகள் அவை. திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1983, 1985, 1990, 2006 என்று வருடத்தைச் சொன்னால் போதும், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எழுந்து போய்விடுவார். ஒரே சந்தையில் மீன் வாங்கிய தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரு கிழமைக்குள் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகப் பயந்த வருடங்கள். நம்மவருக்காகச் சாகத் துணிவதும் அடுத்தவரைச் சாகவிடுவதும் ஒரே உணர்ச்சியின் இரண்டு பக்கம். அதைத் தந்ததும் கூர்ப்புத்தான்.

சமயத்தின் பங்கு இந்த வேலியில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். ஐம்பது பேர் உள்ள கூட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், கிழவரின் பாட்டு போதும். துறைமுகப் பட்டினத்தில் முன்பின் தெரியாதவனோடு கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டும். ஏமாற்றிவிட்டுக் கப்பலேறினால் யார் கேட்பது? எல்லாவற்றையும் பார்க்கிற, தண்டிக்கிற ஒரு கடவுளை இருவரும் நம்பினால் அங்கே ஒரு நம்பிக்கை பிறக்கும். ஆரா நோரன்சயான் போன்ற உளவியலாளர்கள் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். 2016இல் வந்த ஓர் ஆய்வில், ஃபிஜி, சைபீரியா, தன்சானியா, பிரேசில் என்று எட்டுச் சமூகங்களில் 591 பேரிடம் காசைப் பங்கிடச் சொன்னார்கள். தங்கள் கடவுள் எல்லாம் அறிந்து தண்டிப்பார் என்று நம்பியவர்கள், தூரத்தில் வாழும் முகம் தெரியாத தங்கள் சமயத்தவருக்கு நேர்மையாகக் கொடுத்தார்கள். தங்கள் சமயத்தவருக்கு என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வேலி விலகியது, ஆனால் போகவில்லை. பெரிய சமூகம் முந்தியா, பெரிய கடவுள் முந்தியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சமூகம்தான் முந்தி என்று 2019இல் வந்த ஒரு கட்டுரை, தரவுகளைக் கையாண்டதில் பிழை இருந்ததால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் எல்லாக் கடவுளும் ஒழுக்கத்தைக் கவனிக்கிற கடவுள் இல்லை. தன்சானியாவின் ஹட்சா வேடர்களின் கடவுள் யார் பொய் சொன்னான் என்று அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஆனாலும் அவர்கள் வேட்டையிறைச்சியைக் கூட்டத்தோடு பங்கிட்டுத்தான் தின்கிறார்கள்.

சமயங்களின் மிகச் சிறந்த இடங்கள் எல்லாம் அந்த வேலியைப் பிடுங்க முயன்ற இடங்கள் என்றுதான் நான் படிக்கிறேன். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவன் அவன் இனம் ஒதுக்கிவைத்த சமாரியன் என்று இயேசு சொன்ன கதை, எல்லா உயிரும் சுகமாக இருக்கட்டும் என்கிற புத்தரின் மைத்திரி, வழிப்போக்கனுக்கும் ஸகாத் என்ற கட்டாயக் கொடையில் பங்கு வைத்த குர்ஆன், அன்பையும் சிவத்தையும் இரண்டென்பாரை அறிவிலார் என்ற திருமூலர். அதே சமயங்கள் வேலிக்கு முள்ளும் கட்டியிருக்கின்றன. 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், தாழ்ந்தவர் என்று சொல்லி ஒரு சனக்கூட்டத்தை உள்ளே விடாமல் மறித்தார்கள். மறித்தவரும் முருகனின் பெயரால்தான் மறித்தார், கதவைத் தட்டியவரும் முருகனைக் கும்பிடத்தான் வந்தார். ஒரே கடவுள், ஒரே பாட்டு. அந்த இருவரில் யார் சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லும்போது எந்தத் தராசை எடுக்கிறோம்? புராணத்தை எடுக்கவில்லை, மறித்தவர் அதிலும் சான்று காட்டுவார். மனிதனை மனிதன் இப்படி நடத்தலாமா என்று நமக்குள் எழுகிற கேள்வியைத்தான் எடுக்கிறோம்.

ஏறக்குறைய 2,400 ஆண்டுக்கு முன் பிளேட்டோ எழுதிய ஒரு உரையாடலில் சோக்கிரதர் கேட்பதும் இதுதான்: கடவுளர் விரும்புவதால் அது நல்லதா, நல்லது என்பதால் கடவுளர் விரும்புகிறார்களா? "சாமி பாக்காட்டி எடுக்கலாமோ?" என்று அந்தச் சின்னவன் கேட்டதும் அதற்கு மிகப் பக்கத்தில் நிற்கிற கேள்வி. எங்கள் முன்னோரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். புறநானூற்றில் 134ஆவது பாட்டில் முடமோசியார் ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது, "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்" என்கிறார். இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தால் அது வியாபாரம், அறத்தை விலைக்கு விற்கிற வியாபாரம். சான்றோர் போன வழி என்பதால் அவன் கொடுத்தான், அவ்வளவுதான். வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போய், "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" என்று விடுகிறார். இந்த இரண்டு வரியையும் படிக்கிற போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கடவுள் நம்பிக்கை ஊறிக்கிடந்த ஒரு சமூகம், அறத்தைக் கடவுளின் கூலியிலிருந்து பிரித்துப் பார்க்கத் துணிந்திருக்கிறது.

அதே கண்டிப்பைக் கூர்ப்பிடமும் காட்ட வேண்டும். இயற்கை செய்கிறது என்பதால் ஒன்று சரியாகிவிடாது. ராஜஸ்தானில் அபு மலையில் மந்திகளைக் கவனித்த சாரா ஹெர்டி, கூட்டத்தைக் கைப்பற்றிய புதிய ஆண் பழைய ஆணின் குட்டிகளைக் கொல்வதை 1970களில் எழுதினார். இயற்கைத் தேர்வின் கணக்கில் அது அந்த ஆணுக்கு இலாபம். அதைப் படித்து எந்த மாற்றாந்தகப்பனும் பாடம் எடுக்க முடியாது. "இருக்கிறது" என்பதிலிருந்து "இருக்க வேண்டும்" என்பதற்குத் தாவ முடியாது என்று ஹியூம் என்ற தத்துவஞானி 1739 வாக்கிலேயே எழுதிவிட்டார். ஆக, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கூர்ப்பு பெரும்பகுதி விடை தருகிறது, எப்படி வளர்ந்தது என்பதற்குச் சமயமும் சட்டமும் ஊரும் தருகின்றன. எது சரி என்ற கேள்வியை இவை எதன் தலையிலும் போட்டுவிட்டு நாம் போய்விட முடியாது. அதை ஒவ்வொரு முறையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

யோசிக்க நேரமே இல்லாத ஒரு நாளும் எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, சுனாமி வந்த நாள். கடல் வந்து போன பிறகு கரைப்பக்கமிருந்து வந்தவர்கள் பலருக்கு உடம்பில் உடுப்பு இல்லை. அலை உரிந்து எடுத்திருந்தது. பெண்கள் கையால் மறைத்துக்கொண்டு மதிலோடு மதிலாக நின்றார்கள். எங்கள் தெருவில் ஒரு புடவைக் கடைக்காரர். ஐந்து ரூபா கடன் சொன்னால் முகத்தைத் திருப்புகிறவர், கோயில் பக்கம் நான் கண்டதில்லை. அவர் கடைக் கதவைத் திறந்து சாரமும் சேலையும் நைட்டியும் கட்டுக் கட்டாகத் தெருவில் கொண்டு வந்து வைத்தார். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பி நின்றார். பள்ளிவாசல், தேவாலயம், விகாரை, பள்ளிக்கூடம் எல்லாம் அன்று திறந்துதான் கிடந்தன. மூன்று கிழமை கழித்து நிவாரண லிஸ்ட் எழுதத் தொடங்கியதும் "எங்கட ஆக்கள், உங்கட ஆக்கள்" திரும்பி வந்தது, அதையும் பார்த்தேன். பல வருடம் கழித்து அந்தக் கடைக்காரரிடம், அன்றைக்கு என்ன நினைத்துச் செய்தீர்கள் என்று கேட்டேன். "உடுப்பில்லாம நிண்டவை ரீச்சர். அதில நினைக்க என்ன இருக்கு?" என்றார். கடவுள் பற்றியும் சொல்லவில்லை, புண்ணியம் பற்றியும் சொல்லவில்லை.

அந்த முதல் நாள் கை எங்கிருந்து நீண்டது என்று கேட்டால் நான் கூர்ப்பு என்பேன். மூன்றாம் கிழமை லிஸ்டும் அங்கிருந்துதான் வந்தது. முதல் நாளை மூன்றாம் கிழமைக்கும் நீட்டிக்கிற வேலைக்குத்தான் சமயம் வேண்டும், நல்ல சட்டம் வேண்டும், நல்ல வாத்தியார் வேண்டும், அடுத்த தெருவில் ஒரு சிநேகிதராவது வேண்டும். சமயம் இல்லாமலும் அதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சமயத்தால்தான் அதைச் செய்ய முடிகிறது என்பவர்களையும் எனக்குத் தெரியும், அவர்களை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இனிச் சின்னவன். அவளுக்கு நான் சொன்னது இது.

சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லாதே. அவன் இன்னொரு நாள் எதையாவது எடுப்பான், கண் குத்தாது, அதோடு அந்தக் காரணம் செத்துவிடும். இல்லையென்றால் எப்போதோ கண்நோய் வரும். தான் செய்த பாவம் என்று இரவில் அழுவான், உன்னிடம் சொல்லவும் மாட்டான். பயமுறுத்துவதை விட, நீ செய்ததால் மற்றவருக்கு என்ன ஆனது என்று காட்டுவதுதான் பிள்ளையின் மனதில் நிற்கும் என்று மார்ட்டின் ஹொஃப்மன் என்ற உளவியலாளர் நிறைய எழுதியிருக்கிறார். முப்பது வருடம் வகுப்பில் நின்ற நானும் அதைத்தான் கண்டேன். ஆகவே அவனிடம் கேள்: அந்தப் பிள்ளை பென்சில் பெட்டியைக் கொட்டித் தேடினபோது நீ பார்த்தாயா? முகம் எப்படி இருந்தது? உன் சிவப்புக் கார் காணாமல் போன அன்று உனக்கு எப்படி இருந்தது? பதில் வரும் வரை காத்திரு. மாமியைத் திருத்தப் போகாதே. அவர் அறிந்த வழியில் அவர் உன் பிள்ளையைக் காக்கப் பார்க்கிறார். சாமி குத்துகிறவர் இல்லை, அந்தப் பிள்ளை அழுதால் சாமிக்கும் கவலை என்று சொல்லச் சொல்லு. அதை அவர் மனப்பூர்வமாகச் சொல்வார்.

அழிறப்பரை நீ கொண்டு போய் ரீச்சரிடம் கொடுக்க வேண்டாம். அவன் கையால், அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கட்டும். கடித்த ஓரத்தை விரலால் மறைத்துக்கொண்டுதான் நீட்டுவான். இது என்ன பல்லடையாளம் என்று மற்றது கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதே சொல்லிக் கொடுத்துவிடாதே.